தகவல் தெரிவித்தவர்

செத்த பறவையை வெறுங்கையால் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், டாக்டரம்மா. அதை இன்றுவரை நான் மீறியதில்லை. நீங்கள் கொடுத்த பெட்டியில் நூறு கையுறை இருந்தது; இப்போது எழுபது சொச்சம் இருக்கும். போட்டுக் கழற்றியதை எரித்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பேன். என் பெண்சாதி மதலேனாள்கூட, "முப்பத்தஞ்சு வருசமா நான் கத்தினேன், இந்தாளு கை கழுவல. ஒரு மாட்டு டாக்டர் பொண்ணு சொன்னதும் கழுவுறாரு பாரேன்" என்று பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை நான் பார்க்காமல் இல்லை. உள்ளே இருக்கிற வெள்ளைத் துணி நாடா யாருடையது என்று நீங்களும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதால்தானே ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாக நடந்து வந்திருக்கிறீர்கள். மதலேனாளை நான் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்கு ரத்தக் கொதிப்பு. இதையெல்லாம் கேட்டால் தாங்கமாட்டாள். வாத்துக்காரன் கண்ணையனை வேறு நாலு நாளாகக் காலையில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி உட்கார வைத்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். நாளைக்குக் கேஸ் எழுதி உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. ஆகவே நேரத்தை வீணாக்காமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தனிஸ்லாஸ். வயது அறுபத்து நாலு. எங்கள் பங்குக் கோயிலுக்கு இருபத்தொன்பது வருடமாகக் கோயில்பிள்ளை. பூசைக்கு மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாமியாருக்கு உடுப்பு எடுத்து வைப்பது எல்லாம் என் வேலைதான். ஆனால் என் பேரைச் சொல்கிற வேலை வேறு. யார் செத்தாலும் முதலில் எனக்குத்தான் ஆள் வரும். கண்ணை மூடுவேன், தாடையைக் கட்டுவேன், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிச்சுப் போடுவேன். அப்புறம் துக்க மணியை அடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வில்லியனூர், ஒதியம்பட்டு என்று உறவுமுறைகளுக்குச் சொல்லக் கிளம்புவேன். நான் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே பெண்கள் வாயில் கைவைத்துக்கொள்வார்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருக்கிறதே, அந்த ஒரு நிமிஷம் வீடு மொத்தமும் என்னையே பார்க்கும். மந்திரி வந்தால்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். "எமனே இந்தாளக் கேட்டுக்கினுதான் ஊருக்குள்ள வர்றான்" என்பாள் மதலேனாள்.

என் முடிச்சு தனி முடிச்சு. இரண்டு காதுவைத்துப் போடுவேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். பெட்டியை மூடும் முன் அவிழ்த்தாக வேண்டும். கட்டோடு அனுப்பினால் உயிர்ப்பு நாளில் எப்படி எழுந்து நடப்பது என்று எனக்கு முன்னால் இருந்த கோயில்பிள்ளை கேட்பார். உங்கள் அப்பாவுக்கும் நான்தான் போட்டேன். அப்போது நீங்கள் ப்ளஸ் டூ. பெட்டி மூடுகிற நேரத்தில், "பெரியப்பா, அந்த முடிச்ச நான் அவுக்கட்டுமா" என்று கேட்டீர்கள். எந்த முனையை இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். நம் கையே நம் கண்ணைக் குத்தும் என்று அன்றைக்கு யார் கண்டது.

பிறகு பிள்ளையார்குப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரி வந்தது. நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் ஊரில் மனிதர்கள் லேசில் சாவதில்லை. மூன்று தடவை நெஞ்சடைத்த செல்லக்கண்ணு இன்னமும் சாராயக்கடைக்கு நடந்தே போய் நடந்தே வருகிறார். போன வருடம் முழுக்க நாலே சாவு. அதிலும் இரண்டை வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். நான் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போய் நின்றால், "தெரியும் தெரியும், மாலைகூட வாங்கியாச்சு" என்கிறார்கள். மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்.

இந்த நிலைமையில்தான், பொங்கல் கழிந்து இரண்டாம் வாரம், ஏரிக்கரையில் ஒரு நாமக்கோழி செத்துக் கிடந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். பால் சொசைட்டிச் சுவரில் நீங்கள் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. பறவைக் காய்ச்சல் எச்சரிக்கை. காட்டுப் பறவை செத்தோ நோயாகவோ கிடந்தால் தொடாதீர்கள், உடனே இந்த நம்பருக்குச் சொல்லுங்கள். சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டீர்கள். வெள்ளை உடுப்பில் மூன்று பேர், ஒரு ஜீப், ஒரு ஐஸ் பெட்டி. தொண்டையிலும் பின்பக்கமும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, குழாயில் போட்டு, சீல் வைத்து, போபாலில் இருக்கிற சர்க்கார் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னீர்கள். எங்கள் ஊரில் எந்த மனிதனுக்கும் இவ்வளவு நடந்ததில்லை. படிவத்தை எடுத்து, முதல் கட்டத்தில், "தகவல் தெரிவித்தவர்" என்று போட்டிருக்கும் இடத்தில் என் பெயரை எழுதினீர்கள். அப்புறம் எழுந்து நின்று, ஊரே கேட்கிற மாதிரி, "இந்தக் கொம்யூன்லயே மொதல்ல சொன்னது நீங்கதான் பெரியப்பா. எல்லாரும் இப்டி இருந்தா நோய நாம முந்திக்கலாம்" என்றீர்கள்.

ஜனம் என்னையே பார்த்தது.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதோ, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. போபாலிலிருந்து முடிவு வந்தபோது நோய் இல்லை என்றீர்கள். உங்களுக்குச் சந்தோஷம், எனக்குச் சப்பென்று போய்விட்டது. நோய் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

அதன்பிறகு மூன்று வாரம் காலையும் மாலையும் கரையைச் சுற்றினேன். ஒன்று சாகவேண்டுமே. பறவைகள் ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை, மாத்திரையும் போடுவதில்லை, எப்படித்தான் அவ்வளவு திடமாக இருக்கின்றனவோ. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று ஒரு தாழைக்கோழி தலை தொங்கி நாணல் ஓரம் உட்கார்ந்திருந்தது. உடனே போன் போட்டேன். நீங்கள் வந்து, கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தீர்கள். அது ஒரு உதறு உதறியது, என்னை ஒரு பார்வை பார்த்தது, எழுந்து பறந்து போய்விட்டது. நீங்கள் பெருந்தன்மையாக, "பரவால்ல பெரியப்பா, சொன்னது நல்லதுதான்" என்றீர்கள். கரையில் நின்றவர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

கண்ணையன்தான் ஆரம்பித்துவைத்தான். அவன் பாகூர்ப் பக்கத்து ஆள். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவன். வருடா வருடம் தை பிறந்ததும் இருநூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, ஏரிக்குக் கீழே வாத்துகளுக்குப் படல் வேலியும் தனக்கொரு கொட்டகையும் கட்டித் தங்குவான். பதினைந்து வருடப் பழக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது என்று தெரிந்து, தவறாமல் நாலு முட்டை கொண்டுவந்து கொடுப்பான். தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். "இன்னா தனிஸ்லாசண்ணே, ஒன் பொணம் எழுந்து பறந்து பூட்ச்சாமே. உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் நாளு கெடக்குதேண்ணே" என்றான். சாராயக்கடை வரைக்கும் அது பரவி, ஒரு வாரம் நான் போகிற இடமெல்லாம் யாராவது கையை இறக்கை மாதிரி அடித்துக் காட்டினார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது.

அடுத்த தடவை நான் எதையும் பறவையின் விருப்பத்துக்கு விடவில்லை.

வயலுக்குப் போடுகிற குருணை மருந்துதான். எல்லார் வீட்டிலும் இருப்பது. கொஞ்சம் நெல்லோடு கலந்து கரையோரம் வைத்தேன், சிறகி என்கிற காட்டு வாத்து ஒன்று வந்தது. துடித்ததா என்று நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள். நான் திரும்பி நின்று ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். முடிவதற்குள் அதுவும் முடிந்துவிட்டது. எப்படியும் ஒருநாள் சாகப்போகிறதுதானே, டாக்டரம்மா. எங்கேயோ புதருக்குள் செத்து நரி இழுத்துக்கொண்டு போனால் யாருக்கு என்ன பிரயோஜனம். கொஞ்சம் முன்னதாக, நம் கண்ணில் படுகிற இடத்தில் செத்தால் பரிசோதனைக்காவது ஆகும். அந்தத் தவக்காலத்தில் மட்டும் சிறகி ஐந்து, தாழைக்கோழி நாலு, நாமக்கோழி இரண்டு. நாற்பது நாளும் நான் கறி தொடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செத்த பிறகு அப்படியே விட எனக்கு மனசு வராது. இறக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். கையுறை போட்டுக்கொண்டு இறக்கையை மடிப்பேன், கண்ணை மூடுவேன், கால்களைச் சேர்த்துக் கட்டுவேன். விறைத்ததும் முடிச்சை அவிழ்த்துவிட்டு, போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவேன். ஒருநாள் நீங்களே, "எப்டி பெரியப்பா, நீங்க சொல்ற பறவ மட்டும் தூங்குற மாதிரியே செத்திருக்கு" என்று கேட்டீர்கள். நல்ல சாவு என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அப்புறம் திலீப். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறானே, நல்லவாடு கிராமத்து மீன்காரர் வீட்டு மாப்பிள்ளையாகப் போகவேண்டியவன், இங்கே மாமியார் வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு காலையில் கரையில் என் தாழைக்கோழி விழுந்தது. ஆமாம், என்னுடையதுதான். கையுறையை மறந்து வந்துவிட்டேன். வெறுங்கையால் தொடக்கூடாதே என்று வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், அவன் பைக்கை விட்டு இறங்கக்கூட இல்லாமல் போனை நீட்டி ஒரு போட்டோ. முடிந்தது. அவன் பெயர் முதல் கட்டத்தில். அவனுக்குச் சான்றிதழ். பேப்பரில் படம். ஒரு வாரம் அதை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். எனக்குப் பொறாமை கிடையாது. பாடுபட்டவன் ஒருத்தன், பேர் வாங்கியவன் இன்னொருத்தன் என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை வாத்துகள் செத்தன. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணையன் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுப் புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். படல் திறந்திருந்தது. வாத்துகள் வெளியே வந்தன. அங்கே நெல் கிடந்தது. அறுபத்தெட்டு.

மூன்று நாற்பதுக்கு உங்களுக்கு வந்த முதல் போன் என்னுடையது. பார்த்தீர்களல்லவா, அன்றைக்கு நாலு ஜீப் வந்தது. டிவிக்காரர்கள்கூட வந்தார்கள். கண்ணையன் ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுங்களுக்கு இன்னாண்ணே தெரியும். கூப்ட்டா வரும். அது ஒண்ணுதானண்ணே தெரியும்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லமாட்டேன். வெறுங்கையால் தூக்காதே என்று அவனுக்கும் இரண்டு கையுறை கொடுத்தேன்.

போபால் முடிவு வந்தது, காய்ச்சல் இல்லை. மிச்ச வாத்துகள் தப்பின என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீங்கள்தான் விடாப்பிடியாக இரைப்பையை எடுத்து விஷத்துக்குப் பரிசோதிக்க அனுப்பினீர்கள். மருந்து என்று தெரிந்ததும் போலீஸ்காரர்கள் ஊரில் வந்து விசாரித்தார்கள். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது முதலில் வாயைத் திறக்கத்தானே வேண்டும். காய்ச்சல் என்றால் சர்க்கார் நஷ்ட ஈடு கொடுக்கும், அதற்காக அவனே வைத்திருக்கலாம், அவன் கொட்டகையைப் பாருங்கள் என்று நான் சொன்னேன். பார்த்தார்கள். மருந்துப் பை இருந்தது. அதைக் கொண்டுபோய் வைத்ததும் நான்தான், ஆனால் அவனைச் சிக்கவைப்பதற்காக இல்லை. விஷத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்று மதலேனாள் முன்னமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடு.

நேற்றைய நாரையைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அது நத்தை தின்கிற ஜாதி, கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. ஏன் செய்தேன் என்றால், கண்ணையனுக்காகத்தான். அவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஒரு பறவை செத்தால் அவன்மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிடுமல்லவா. இதைவிட ஒரு சிநேகிதன் என்ன செய்யமுடியும்.

அப்படிப் பார்க்காதீர்கள். சரி, எழுதியதை அடித்துவிடுங்கள். அந்த யோசனை இப்போது சொல்லும்போதுதான் வந்தது. நாலு நாளாக உங்கள் ஜீப் ஊருக்குள் வரவில்லை. அதுதான் காரணம்.

பெரிய பறவை. நீளக் கால். அழகாக மடித்துப் படுக்கவைத்து, கட்டிவிட்டு, விறைப்பதற்காகக் காத்திருந்தேன். அப்போது கரைமேல் திலீப்பின் பைக் சத்தம் கேட்டது. அவனுக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்று பதறி, கால் பக்கம் புல்லை இழுத்து மூடி, அவசர அவசரமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். முந்தியும் விட்டேன். அவிழ்க்கத்தான் மறந்துபோனேன். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை, டாக்டரம்மா. நேற்று ராத்திரி படுத்தபிறகு ஞாபகம் வந்து, அந்த ஜீவன் கட்டோடு போய்விட்டதே என்று விடியவிடியத் தூக்கமில்லை. நீங்கள்தான் அவிழ்த்தீர்களா? சரியான முனையை இழுத்தீர்களா? நல்லது. என் மனசில் இருந்த ஒரே பாரம் அதுதான்.

இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் சாமியார் கேட்டதை வெளியே சொல்லமாட்டார். வெளியே போகாத செய்தியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஏன் அழுகிறீர்கள்? "ஏன் பெரியப்பா, அந்த வாத்துங்க உங்கள இன்னா பண்ணிச்சி" என்றால் நான் என்ன சொல்வேன். ஒன்றும் பண்ணவில்லை. நல்ல வாத்துகள். படல் திறந்திருந்தது என்று சொன்னேனே, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். திறந்தவன் நான். திறந்தும் அவை வெளியே வரவில்லை. கண்ணையன் குரல் கேட்காமல் அவை நகராது. பதினைந்து வருடமாக அவன் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன், அதே மாதிரி மெல்லக் கூப்பிட்டேன். பா, பா, பா. வரிசையாக வந்தன. அறுபத்தெட்டும் தலையைத் தூக்கி என்னையே பார்த்தன.

அவ்வளவுதான். கண்ணையனை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மிச்ச வாத்துகள் நாலு நாளாகச் சரியாக மேயவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். இது வெறும் வெள்ளைத்தாளாக இருக்கிறதே, உங்கள் படிவம் ஒன்று பையில் இருக்குமே. அதை எடுங்கள். முதல் கட்டத்தில், தகவல் தெரிவித்தவர் என்ற இடத்தில், தனிஸ்லாஸ் என்று எழுதி நேரத்தையும் போடுங்கள். மணி நாலேகால். ரோட்டில் உங்கள் ஜீப்பைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது, திலீப்பின் பைக் இந்தப் பக்கம் வருகிறது. அவன் வந்து சேர்வதற்குள் எழுதிவிடுங்கள், டாக்டரம்மா.